விண்கல்லில் ஒரு லயம்

அக்கா வீட்டு ஜன்னலோரம் மச்சான் ஒரு பெரிய படத்தை விரித்துப்போட்டு, பேத்தியின் அடிமட்டத்தால் அளந்துகொண்டிருந்தார். படம் சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் பாரம் வைத்திருந்தார். சீனிப் போத்தல், ஜெபப் புத்தகம், டோர்ச், ஒரு உருளைக்கிழங்கு. வெளியே மழை விட்டிருந்தது. தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

"இங்க வா மாப்ள. இத எண்ணு."

எண்ணினேன். "அஞ்சு மச்சான்."

"என்னா அஞ்சு?"

"கதவு."

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். "பிலோ, கேட்டியா? ஸ்டூடியோவுல வேல செய்றவனே கதவுன்னு சொல்லிட்டான்."

"அவன்கிட்ட எதக் கேட்டாலும் ஆமான்னுதான் வரும்" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "பொண்ணு புடிச்சிருக்கான்னு கேட்டதுக்கும் அப்படித்தான் சொன்னான்."

மச்சான் அதைக் காதில் வாங்கவில்லை. அடிமட்டத்தைப் படத்தின் மேல் நகர்த்தினார். "பாரு, ஒன்னொன்னுக்கும் நடுவுல ஒரே எடவெளி. இயற்கையா வர்றது இப்படி அளந்து வைக்குமா? கடைசி ரெண்டயும் நல்லா பாரு. நாலாவது கதவுக்குக் கீழ எடது பக்கம் ஒரு சின்னக் கீறல் இருக்கா? அஞ்சாவதுலயும் அதே எடத்துல அதே கீறல். அச்சு அசல். ஒரே ஆசாரி செஞ்ச கதவு மாப்ள."

குனிந்து பார்த்தேன். அந்த ஆசாரி நான்தான்.

ட்ரையர் அருளப்பன்

இந்தத் தொடரில் மச்சானைப் பற்றி எழுதமாட்டேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவர்தான் சென்ற மாதம், "எல்லாரையும் பத்தி எழுதுறான், என்னய மட்டும் காணோம்" என்றாராம். அதனால் எழுதுகிறேன்.

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிற்சாலையில் மச்சான் முப்பது வருடத்துக்கு மேல் ட்ரையரில் நின்றவர். புளித்த இலை சூட்டில் காய்ந்து தூளாக வெளியே வரும் இடம் அது. மணியைப் பார்க்கமாட்டார். மூக்கால் பிடித்துவிடுவார். இன்னும் கொஞ்சம் போனால் தீயும் என்கிற வாசனை அவருக்கு மட்டும் முதலில் வரும்.

அத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. தோட்டத்து மேலாளரான துரை வந்தால் "சரி சார்." தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்தால் "சரி ஐயா." அவ்வளவுதான் பேச்சு. மெஷின் இரைச்சலிலேயே இருந்ததால் காதும் கொஞ்சம் மந்தம். வீட்டில் பேசினாலும் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

வேலையிலிருந்து நின்ற பிறகு மகள் ஒரு போன் வாங்கிக் கொடுத்தாள். முதலில் பாட்டு, பிறகு மரண அறிவித்தல். ஒருநாள் எப்படியோ வானத்தைப் பற்றிய ஒரு வீடியோ வந்து விழுந்தது. அதற்குப் பிறகு அவர் வேறு எதையும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் மாத்தளையிலிருந்து பஸ் ஏறிப் போனால், அந்த வாரம் பார்த்ததையெல்லாம் என்னிடம் கொட்டுவார். செவ்வாயைச் சுற்றும் சின்ன நிலவொன்றில் தூண் மாதிரி நெட்டுக்குத்தாக ஒரு கல் நிற்கிறதாம். நட்டு வைத்தது என்கிறார்களாம். இன்னொரு கோளில் இரண்டு வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தெரிந்ததாம். நகரத்து விளக்கு என்றார்களாம். கிட்டப் போய்ப் பார்த்தால் உப்பாம்.

"உப்புன்னு சொன்னவுடனே விட்டுட்டாங்க பாத்தியா?" என்பார். "உப்பு இருந்தா சமையல் இருக்கணுமில்ல?"

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை பிடிபட்டதில்லை. நான் சிரித்து வைப்பேன். கூச்சக்காரனுக்குச் சிரிப்பு ஒரு குடை மாதிரி.

தோட்டத்தில் ஆட்கள் அவரிடம் வர ஆரம்பித்தார்கள். கிரகணம் அன்றைக்குப் புள்ளத்தாச்சி வெளியே வரலாமா, எரிநட்சத்திரம் விழுந்தால் தேயிலைக்கு ஏதும் ஆகுமா என்று வந்து கேட்பார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் முன்வாசலை நாங்கள் இஸ்தோப்பு என்போம். மச்சான் வீட்டு இஸ்தோப்பில் பின்னேரமானால் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். ட்ரையர் அருளப்பன் என்ற பெயர் விண்கல் அருளப்பன் என்று மாறியது. முதலில் கேலிக்குத்தான் சொன்னார்கள். பிறகு கேலி போய் பெயர் மட்டும் நின்றது. அவர் முதுகை நிமிர்த்தி நடக்கிறார் என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

பக்கத்தில் இருப்பதை எடுத்து மூடு

நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். மாத்தளை டவுனில் ஒரு ஸ்டூடியோவின் பின்னறையில் உட்கார்ந்து படம் திருத்துவது என் தொழில். முன்னறைக்கு வந்தால் வாடிக்கையாளரோடு பேச வேண்டும். பின்னறையில் முகங்கள் பேசாது.

நான் சேர்ந்த காலத்தில் நெகட்டிவ்மேல் பென்சிலால் வேலை. மருந்துத் தண்ணீரின் புளித்த நெடி விரலைவிட்டுப் போகாது. கோட்டு இல்லாதவனுக்குக் கோட்டு வரைவோம். வஹகோட்டைத் திருவிழாவில் எடுத்த குடும்பப் படத்தில் கண்ணை மூடியவருக்குக் கண் திறந்து வைப்போம். வேலைக்கு வெளிநாடு போகும் பெண்களின் கழுத்திலிருந்து மஞ்சள் கயிற்றை மறைப்போம்.

முதலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், எங்காவது ஓட்டை இருந்தால் பக்கத்தில் இருப்பதை எடுத்து மூடு என்பது. ஒரு பல் இல்லையென்றால் அடுத்த பல்லை எடுத்துப் போடு. சட்டையில் ஒரு பொத்தான் இல்லையென்றால் மேலே இருக்கும் பொத்தானை எடுத்துப் போடு. கம்ப்யூட்டர் வந்த பிறகும் இதே பாடம்தான். கை யோசிக்காமல் செய்யும்.

போன வருடம் முதலாளி ஒரு புது ப்ரோக்ராம் கொண்டுவந்து போட்டார். எவ்வளவு மங்கலான படமாக இருந்தாலும் ஒரு பட்டனை அழுத்தினால் தெளிவாகிவிடும். படத்தில் இல்லாததை அதுவாக ஊகித்து நிரப்புகிறது என்று எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின.

அதைப் புரியவைத்தது ரத்தோட்டையிலிருந்து வந்த ஒரு பெண். செத்துப்போன அம்மாவுக்கு இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதுவும் தேய்ந்து போனது. பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும் என்றார். பட்டனை அழுத்தினேன். அம்மாவின் உதடு லேசாகப் பிரிந்து பல் தெரிந்தது. படத்தை எடுத்துக்கொள்ள வந்த அந்தப் பெண் முன்னறையில் நின்று அழுதது எனக்குக் கேட்டது. "அம்மா சிரிக்கிறாங்க. நான் அம்மா சிரிச்சிப் பாத்ததே இல்ல."

நான் பின்னறையைவிட்டு வெளியே வரவில்லை.

மச்சான் தன் விண்கல் படத்தை அனுப்பியது அதற்குக் கொஞ்ச நாளுக்குப் பிறகு. ஏதோ ஒரு வீடியோவை நிறுத்தி, போன் திரையை அப்படியே பிடித்து அனுப்பியிருந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு பாறை. அதன் விளிம்பில் கறுப்பாகச் சில புள்ளிகள். வீடியோ செய்தவன் அந்தப் புள்ளிகளைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தான். "பன்னண்டுக்குப் பதினெட்டுல பெரிசா அடிச்சித் தா மாப்ள. வட்டம் வேணாம்" என்று குரல் பதிவு.

பட்டனை அழுத்தினேன். புள்ளிகள் நீண்டு, ஓரம் நேராகி, கதவுகளாக எழுந்து நின்றன. வட்டத்தை அழித்தேன். நான்கு கதவு முழுசாக இருந்தது. அதற்கு அடுத்து, சிவப்புக் கோடு போன இடத்தில், ஒன்றுமில்லாமல் பழுதாகிக் கிடந்தது. நாலாவது கதவை எடுத்து அங்கே வைத்தேன். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. அப்போது நான் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

துரை பங்களா எங்கே

மச்சான் காட்டும் வீடியோக்களில் மற்ற நாட்டுக்காரர்கள் கோபுரம் பார்க்கிறார்கள். கும்மட்டம் பார்க்கிறார்கள். விமானம் இறங்கும் பாதை பார்க்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் அந்தப் படத்தை முதலில் பார்த்த ஆள் கொழுந்து எடுக்கும் சரோஜா. கூடையைக்கூட இறக்காமல் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இது லயமில்ல?"

அதற்குப் பிறகு யாருக்கும் அது வேறு எதுவாகவும் தெரியவில்லை. வரிசையாக ஒரே மாதிரிக் கதவு, மேலே ஒரே நேராக ஒரு கூரை. பிறந்ததிலிருந்து பார்ப்பது.

நானும் அப்படியொரு லயத்தில் பிறந்தவன்தான். பத்து வீட்டுக்கு ஒரே கூரை. வீட்டுக்கு ஒரே அறை, அதைக் காம்பிரா என்போம். நாலாவது வீட்டில் இருமினால் ஏழாவது வீட்டில் தண்ணீர் கொடுங்கள் என்று குரல் வரும். ஒரு கதவு போட்டால் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று இருக்க வேண்டும் என்பது எனக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. மட்டக்களப்புக்காரனோ யாழ்ப்பாணத்துக்காரனோ என் நாற்காலியில் இருந்திருந்தால் அந்தப் பழுதை வெறும் பாறையால் மூடியிருப்பானோ என்னவோ.

இஸ்தோப்பில் நடந்த பேச்சைக் கேட்க வேண்டும்.

"அங்கயும் காலையில பிரட்டுக்குப் போயி பேர் குடுக்கணுமா அண்ணே?" இது சரோஜா. பிரட்டு என்பது காலையில் பேர் பதிந்து வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்.

"லயம்னு ஒன்னு இருந்தா பிரட்டும் இருக்கும்" என்றார் மச்சான்.

"அப்ப துரை பங்களா எங்க?"

"அது படத்துக்கு வெளிய இருக்கும். மேட்டுல."

"ஒரு காம்பிராவுக்கு எத்தன குடும்பமோ?"

"நம்மள மாதிரிதான். சோத்துக்கு ஒரு பக்கம், படுக்க ஒரு பக்கம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவ்வளவு தூரத்திலும் யாரோ ஒரு துரை கட்டிக்கொடுத்த வீட்டில்தான் இருக்கிறார்களா என்று எனக்கே ஒரு கணம் பாவமாகிவிட்டது. நானே வைத்த கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆட்களை நினைத்துத்தான்.

பத்து நிமிடம்

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் தோட்டத்துக் கோயிலுக்குப் புதிதாக வந்த பாதர் மச்சானைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் ஒரு கூட்டம், அங்கே பத்து நிமிடம் வானத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று வீடு தேடி வந்து கேட்டுவிட்டார். டவுனிலிருந்து ஒரு விஞ்ஞான டீச்சரும் வருகிறாராம்.

மச்சானுக்கு வயது அறுபத்தைந்து. யாராவது அவரைப் பேசச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமைதான், முதலில் சொன்ன மாதிரி அவர் அடிமட்டத்தோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காட்டப்போவது அந்தப் படத்தை. சொல்லப்போவது அந்த இரண்டு கீறலை. ஒரே மாதிரிக் கீறல் இரண்டு இடத்தில் இருந்தால் என்ன அர்த்தம் என்று படம் தெரிந்த யாருக்கும் தெரியும். டீச்சருக்குத் தெரியாமல் இருக்குமா? அத்தனை பேருக்கு முன்னால் டீச்சர் அதைச் சொல்லிவிட்டால்?

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்தேன். அவருடைய வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கியது. "வர்றேன் மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஒரு செய்தி எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். உக்குவளை தாண்டுவதற்குள் அதையும் அழித்தேன். அழிப்பது எனக்கு நன்றாக வரும்.

கோயிலுக்குப் போகும் வழி

ஞாயிறு காலை முதல் பஸ்ஸிலேயே போனேன். அவரும் அக்காவும் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். படத்தைச் சுருட்டிப் பேப்பரில் கட்டி, குழந்தையைப் போலக் கையில் ஏந்தியிருந்தார். இலையிலிருந்த பனித்தண்ணீரில் வேட்டி ஓரம் நனைந்திருந்தது.

"மச்சான், ஒரு விஷயம்."

"நடந்துக்கிட்டே சொல்லு. பூசைக்கு நேரமாச்சு."

"அஞ்சாவது கதவு நான் வச்சது."

அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. வாழ்க்கையில் நான் உரக்கச் சொன்ன வாக்கியங்கள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று.

நின்றுவிட்டார். போனை எடுத்து அவர் அனுப்பிய பழைய படத்தைக் காட்டினேன். வட்டம், கோடு, ப்ரோக்ராம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மத்த நாலு?"

"அது ப்ரோக்ராம் போட்டது."

"அப்ப அங்க என்னாதான் இருந்திச்சி?"

"கறுப்பா நாலஞ்சு புள்ளி. பாறையோட நெழலா இருக்கலாம்."

"இருக்கலாமா, இருக்கா?"

"எனக்குத் தெரியாது மச்சான்."

போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார். அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நேத்தே ஏன் சொல்லல?"

"நீங்க சந்தோசமா இருந்தீங்க."

"முப்பது வருஷத்துல மூணு தடவ தூள் தீஞ்சிருக்கு என் கையில" என்றார். குரல் அவருக்கு வழக்கமில்லாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. "மூணு தடவயும் நானே போயி டீமேக்கர் ஐயாகிட்ட சொன்னேன். சொல்லாம நல்ல தூளோட கலந்து விட்டா யாருக்குத் தெரியும்? ஆனா கலந்தா மொத்தமும் கெட்டுப் போயிரும். நீ கலந்துட்ட மாப்ள."

முன்னால் நடந்தார். படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

மண்டபத்தில்

தொண்டை சரியில்லை என்று சொல்லி ஒதுங்கிவிடுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். பாதர் பெயரைச் சொன்னதும் எழுந்து போனார். சுருட்டிய படத்தை மேசையில் வைத்தார். கட்டை அவிழ்க்கவில்லை.

கல் எவ்வளவு தூரத்தில் போகிறது, அதைப் பார்க்க மனிதன் அனுப்பிய வண்டி எத்தனை வருடம் பறக்கிறது என்றெல்லாம் சொன்னார். வெயில் பக்கவாட்டில் விழுந்தால் சின்னக் கல்லுக்கும் பெரிய நிழல் வரும் என்றார். காலையில் கொழுந்து மலையில் உங்கள் நிழல் எவ்வளவு நீளம் என்று கேட்டார். பெண்கள் தலையாட்டினார்கள். அந்த வெள்ளைப் புள்ளி உப்புதான் என்றும் சொன்னார். சமையல் கதையைச் சொல்லவில்லை.

டீச்சர் மரியாதையாகத்தான் கேட்டார். "ஐயா, அங்க யாரும் கட்டின கட்டடம் இருக்குன்னு நீங்க நம்புறீங்களா?"

மச்சான் மேசையிலிருந்த சுருளைப் பார்த்தார். "எனக்கு வந்த படத்துல கை பட்டிருக்குங்க டீச்சர். கை படாத படம் பாத்த பொறகு சொல்றேன்."

யார் கை என்று அவர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவுமில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப லயம் இல்லியா? நான் ஒரு காம்பிரா கேட்டு வச்சிருந்தேனே."

மண்டபமே சிரித்தது. மச்சானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே படத்தை எடுத்துக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனதை நான் பார்த்தேன்.

திரும்பும் வழியில், குறுக்குப் பாதை பிரியும் இடத்தில், அதை என்னிடம் நீட்டினார். "கட்டுனது நீ. நீயே குடியிரு."

அதற்குப் பிறகு

இஸ்தோப்பில் ஆள் குறைந்தது உண்மை. விண்கல் அருளப்பன் என்று கூப்பிட்டால் அதில் பழைய கேலி திரும்பி வந்திருந்தது. நான் தொடர்ந்து ஞாயிறுகளில் போனேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார், எதையும் என்னிடம் காட்டமாட்டார். சாப்பிட்டுவிட்டு வருவேன்.

ரத்தோட்டைப் பெண்ணைத் தேடிப் போய், உங்கள் அம்மா சிரிக்கவில்லை என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். சொல்லவில்லை. அவர் என்னிடம் உண்மையைக் கேட்டு வரவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். மச்சான் கேட்டு வந்தவர். அந்த வித்தியாசம் போதுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சமீபத்தில் அவருடைய பேத்திக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. வெள்ளை உடுப்பில் அவள் நின்ற படத்தை அடித்துச் சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"இதுல உன் கை பட்டிருக்கா?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன். "பட்டிருக்கு மச்சான். எடது கன்னத்துல ஒரு கொசுக்கடி இருந்திச்சி. எடுத்துட்டேன். வேற ஒன்னும் தொடல."

அவர் பேத்தியைக் கூப்பிட்டார். தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். கடித்த தடம் இன்னும் லேசாகச் சிவந்திருந்தது.

"சரி" என்றார். சுவரில் ஆணி இருக்கும் இடத்தைக் காட்டினார். "மாட்டு."